வக்கீல் பாடிய கொலு

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு ஹைகோர்ட் வக்கீல் பாடினார்.

சிரிக்காதீர்கள். மயிலாப்பூரில் நவராத்திரி என்றால் பெண்கள் வருவார்கள், பெண்கள் பாடுவார்கள், பெண்கள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். ஆண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? எனக்கும் தெரியும். ஆனால் என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பகுதியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு நான் தனி ஆள் என்பது தெரியும். என் மனைவி காலமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. காப்பி போடுவது, துணி உலர்த்துவது, ஸ்டவ்வோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் நானேதான். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டதையும், கொடியில் போட்ட வேட்டி பறந்து பக்கத்து வீட்டு எருமை மேல் விழுந்ததையும் இங்கே எழுதி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். எழுதும்போது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எழுதி முடித்துப் பேனாவை மூடியதும், இதை வாய்விட்டுச் சொல்ல வீட்டில் ஆள் இல்லையே என்பது ஞாபகம் வந்துவிடுகிறது.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவளுக்கு இருந்தது ஒரு மரப்பெட்டி நிறையப் பொம்மைகள். வருஷத்துக்கு ஒன்றிரண்டாக மாட வீதியில் பேரம் பேசிப் பேசி வாங்கியவை. அவள் பேரம் பேசி முடிப்பதற்குள் எனக்குக் கால் கடுத்துப் போகும். 'இந்தக் களிமண்ணுக்கா இவ்வளவு நேரம்?' என்பேன். 'உங்களை யார் நிக்கச் சொன்னா?' என்பாள்.

போன வருஷம் துக்க வருஷம். கொலு கிடையாது. இந்த வருஷம் புரட்டாசி பிறந்ததும் திருவல்லிக்கேணியிலிருந்து மச்சினி வந்தாள் — மனைவியின் தங்கை. நல்லவள். அடுக்களையைக் கழுவிவிட்டாள், எனக்கு ஒழுங்கான காப்பி ஒன்று போட்டுக் கொடுத்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"அத்திம்பேர், இதெல்லாம் பெட்டியில கிடந்து என்ன பண்றது? எங்காத்துல மூணு பொண்கள் இருக்கா. வருஷா வருஷம் ஆசையா எடுத்து வச்சுண்டிருப்பா. இங்க யார் வரப்போறா?"

நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால்தான் வலித்தது.

"இந்த வருஷம் நானே வச்சுப் பார்க்கறேன்" என்றேன். "ஒரு பொம்மனாட்டியாவது வந்து பார்த்தா, பொம்மை இங்கேயே இருக்கட்டும். யாரும் வரலைன்னா விஜயதசமி கழிஞ்சு வண்டி கொண்டுவந்து எடுத்துண்டு போ."

சொல்லிவிட்டேன். ரோஷம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரியென்று போய்விட்டாள்.

அமாவாசையன்று பெட்டியைத் திறந்தேன். பொம்மை ஒவ்வொன்றும் உடையாமல் காகிதத்தில் சுற்றி இருந்தது. என்ன காகிதம் தெரியுமா? இதே பத்திரிகை. இதே பக்கம். கிருஷ்ணன், ராமர் பட்டாபிஷேகம், பலசரக்குக் கடைச் செட்டியார் எல்லாரும் என் எழுத்துக்குள் சுகமாகப் படுத்திருந்தார்கள். என் எழுத்துக்கு இவ்வளவு உருப்படியான உபயோகத்தை வேறு யாரும் கண்டுபிடித்ததில்லை.

பெஞ்சு, டிரங்குப் பெட்டி, மண்ணெண்ணெய் டின், அரிசி டப்பா என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அடுக்கி, மேலே சலவை வேட்டியை விரித்துப் படி கட்டினேன். பெட்டிகள் தீர்ந்த இடத்தில் படியும் தீர்ந்தது. பாதிப் பொம்மைகளுக்கு இடமில்லை. சரி, இருக்கிறவரைக்கும் போதும் என்று விட்டுவிட்டேன்.

பூ வாங்கக் குளத்தோரம் முனியம்மாவிடம் போனேன். என் மனைவிக்கு வாடிக்கையாகப் பூ கொடுத்தவள்.

"இன்னா சாமி, ரொம்ப நாளா இந்தப் பக்கமே காணோம்? இப்போ இம்மாம் பூ வாங்கிக்கினு போறே... வூட்டுக்கு யார்னா வந்துகீறாங்களா?"

"இனிமேதான் வரணும்."

"வருவாங்க, போ" என்றாள். முனியம்மா பூ அளப்பதில் மகா கறார். அன்று நான் கேட்காமலே கொஞ்சம் கூட விட்டாள்.

கொலு வைத்தால் போதுமா? கூப்பிட வேண்டாமா? வீட்டு எஜமானி குங்குமச் சிமிழோடு தெருவில் புறப்பட்டு, வீடு வீடாய்ப் போய், 'எங்காத்துல கொலு வச்சிருக்கு, அவசியம் வாங்கோ' என்று அழைக்க வேண்டும். அதுதான் வழக்கம். ஐம்பது வயது ஆண்பிள்ளை கையில் சிமிழை எடுத்துக்கொண்டு நாலு வீட்டு வாசலில் நின்று, 'மாமி, எங்காத்துக்கு வாங்கோ' என்றால் என்ன ஆகும்? அடுத்த வாரம் பத்திரிகையில் என் பகுதி வராது. என்னைப் பற்றித்தான் வரும்.

ஆகவே நான் செய்யக்கூடியதைச் செய்தேன். வாசற்கதவை அகலத் திறந்து வைத்தேன். எலெக்ட்ரிக் விளக்கைப் போட்டேன். குத்துவிளக்கும் ஏற்றினேன். சுண்டலை ஒரு பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டுக் கூடத்து மூலையில் உட்கார்ந்துகொண்டேன்.

விளக்கு வைத்ததும் தெருவில் பட்டுப்புடவைச் சரசரப்பு கேட்டது. கொலுசுச் சத்தம். ஒரு குழந்தைக்குக் கிருஷ்ணன் வேஷம், இன்னொன்றுக்கு ஆண்டாள் கொண்டை. எல்லாரும் பேசிச் சிரித்துக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போனார்கள். அதில் ஒரு குழந்தை மட்டும் நின்றது.

"அம்மா, இந்த ஆத்துலயும் கொலு இருக்கு."

"அங்க மாமி இல்லைடி. வா."

அவ்வளவுதான். அந்தக் குரலில் கோபமில்லை, அலட்சியமுமில்லை. கொலுவுக்கு வந்த பெண்ணைக் குங்குமம் கொடுக்காமல் திருப்பி அனுப்பலாமா? கூடாது. மாமி இல்லாத வீட்டில் அதைக் கொடுப்பது யார்? அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. கடலை, பயறு, மொச்சை... எல்லாச் சுண்டலையும் நானே தின்று தீர்த்தேன். நவராத்திரியில் இப்படி ஒரு விரதம் உண்டா என்பதைச் சாஸ்திரம் தெரிந்தவர்கள் எழுதித் தெரிவிக்கலாம். தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக இருப்பது வேறு. அது பழகாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொறுக்க முடியவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு குளக்கரைக்குப் போய்விட்டேன்.

நவராத்திரி சாயங்காலங்களில் கபாலி கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, ஆஹா என்ன பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரும் வீட்டுக் கூடத்தைப் பெண்களிடம் பறிகொடுத்துவிட்டு வந்த புருஷர்கள். எதிர்வீட்டு வக்கீல் ராமசேஷனும் இருந்தார். அவர் பக்கத்தில் எங்கள் தெருக் கணக்கு வாத்தியார் வைத்தி. இரண்டு பேருக்கும் முகம் வாடியிருந்தது.

"கோர்ட்டிலேர்ந்து வந்தா உள்ள நுழைய முடியலை ஓய்" என்றார் வக்கீல். "கூடம் பூரா பொம்மனாட்டிகள். கொல்லை வழியாப் போய்க் கோட்டைக் கழட்டிட்டு வந்திருக்கேன். காப்பி கூட இன்னும் கிடைக்கலை. உமக்கென்ன, கொடுத்து வச்சவர். வீடு பூரா உமக்குத்தான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு குளத்தைப் பார்த்தார். வாத்தியாரும் குளத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரம் பார்க்கும்படி குளத்தில் ஒன்றும் இல்லை.

"எங்காத்துலயும் கொலு வச்சிருக்கேன்" என்றேன். "சுண்டல் இருக்கு. காப்பி போட்டுத் தரேன். வாங்களேன்."

காப்பி என்றதும் வக்கீல் எழுந்துவிட்டார்.

ஆண்பிள்ளைக்குக் கொலு பார்க்கத் தெரியுமா? தெரியாது. இரண்டு பேரும் டிராமுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள். பிறகு வக்கீல் செட்டியார் பொம்மையின் தொந்தியைப் பார்த்து, தம் கட்சிக்காரர் ஒருவரின் சாயல் தெரிகிறது என்றார். வாத்தியார் மட்டும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே படிகளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன ஓய், ஆறு படி வச்சிருக்கீர்? ஒத்தைப்படையா இருக்க வேண்டாமோ? மூணு, அஞ்சு, ஏழு... ஆறு எங்கேயாவது உண்டா?"

எனக்குத் திக்கென்றது. ஒரு பெண்பிள்ளை செய்யக்கூடிய தப்பா இது?

"ஒண்ணை எடுத்துட்டா அஞ்சாயிடும்" என்றார் வக்கீல்.

"வச்ச பொம்மையை நவராத்திரி முடியறவரைக்கும் நகர்த்தப்படாது" என்றார் வாத்தியார். "கீழே ஒரு படி சேர்க்கலாம்."

எதை வைத்துச் சேர்ப்பது? வீட்டில் ஒரு டின் பாக்கியில்லை. வக்கீல் கொஞ்சம் யோசித்துவிட்டு, தெருவைக் கடந்து தம் வீட்டுக்குள் போனார். இரண்டு கை நிறைய லா ரிப்போர்ட்டுகளோடு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். இன்னொரு நடையும் போனார். கனமான புத்தகங்கள். வரிசையாக அடுக்கித் துண்டை விரித்ததும் ஏழாம் படி அமைந்துவிட்டது.

"அத்தனை பேர் நடுவிலேயும் எங்காத்துல கேட்டா, புஸ்தகத்தை எங்கே தூக்கிண்டு போறேள்னு. எதிராத்துக் கொலுவுக்குன்னேன்" என்றார் வக்கீல்.

பெட்டியில் கிடந்த பொம்மைகளை மூன்று பேரும் துடைத்துத் துடைத்து ஏழாம் படியில் வைத்தோம். கொலுவுக்கு வந்தவர்கள் பாட வேண்டும் என்று வாத்தியார் சட்டம் பேசினார். சட்டம் என்றதும் வக்கீலால் மறுக்க முடியவில்லை. பாடினார். ஆரம்பித்தபோது கல்யாணி மாதிரி இருந்தது. முடித்தபோது எது மாதிரியும் இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மனசு ஒன்றித்தான் பாடினார், பாவம். சுண்டல் ஒரு மணி மிஞ்சவில்லை. வெற்றிலை பாக்குக் கொடுத்தேன். "குங்குமம் வேண்டாம் ஓய், விபூதி இருந்தாக் கொடும்" என்று இட்டுக்கொண்டு போனார்கள்.

மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் மச்சினியிடம் நான் சொன்ன வார்த்தை வேறு அல்லவா? வக்கீலையும் வாத்தியாரையும் எந்தக் கணக்கில் பெண்பிள்ளையாகச் சேர்ப்பது?

சனிக்கிழமை விளக்கு வைத்த நேரம். வாசலில் பட்டுப்புடவைச் சத்தம் கேட்டது. வழக்கம்போலத் தாண்டிப் போகும் என்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தாண்டிப் போகவில்லை.

வக்கீல் வீட்டு மாமி. கூட அவளுடைய பெண். பின்னால் தெருவிலிருந்து இன்னும் இரண்டு மாமிகள்.

வக்கீல் வீட்டு மாமி இத்தனை வருஷத்தில் என்னோடு நேராகப் பேசியதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் எங்கள் கூடத்துத் தூணிடம்தான் சொல்லுவாள். பதிலை நான் சொல்லிக்கொள்ளலாம்.

"இந்தாத்துக் கொலுவைப் புருஷாள் வந்து பார்த்துட்டுப் போறாளாம். எதிராத்துல இருந்துண்டு எனக்கு இத்தனை நாள் தோணலை" என்றாள் தூணிடம். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "இந்தாத்து மாமியோட குங்குமச் சிமிழ் எங்கேன்னு தெரிஞ்சா தேவலை."

அலமாரியிலிருந்து எடுத்து வந்தேன். என் மனைவி போன பிறகு அதை நான் திறந்ததில்லை. மாமி திறந்தாள். குங்குமம் கட்டிதட்டிப் போயிருந்தது. நடுவில் ஒரு சின்னக் குழி. தினம் தினம் அவள் விரல் தொட்டுத் தொட்டு விழுந்த குழி.

"சுமங்கலியாப் போனவா சிமிழ்" என்றாள் மாமி. இதை மட்டும் தூணிடம் சொல்லவில்லை. கூட வந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள். "இது யாருக்குக் கிடைக்கும்?"

அந்தக் குழியிலேயே விரலை வைத்து எடுத்து, தன் நெற்றியிலும் திருமாங்கல்யத்திலும் இட்டுக்கொண்டாள். மற்ற இருவரும் சிமிழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துக்கொண்டார்கள். நான் காப்பி போடப் போகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு அடுக்களைக்குள் போனேன். ஸ்டவ்வைப் பற்றவைக்கவில்லை. அழுதேன்.

திரும்பி வந்தபோது மாமி தன் பெண்ணைச் சிமிழோடு தெருவுக்கு அனுப்பிவிட்டிருந்தாள். அரை மணிக்குள் கூடம் நிறைந்துவிட்டது. யாரோ பாட ஆரம்பித்தார்கள். யாரோ என் சுண்டலை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் வேகணும் என்றார்கள். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

மாமி தூணிடம் போனாள்.

"புருஷாள் கொஞ்சம் வெளியில இருந்தா தேவலை. முடிஞ்சதும் பொண்ணை விட்டுக் கூப்பிடச் சொல்றேன். அதுவரைக்கும் வர வேண்டாம்."

மேல்துண்டை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாகக் கிளம்பினேன். வாசல் வழியாகப் போக இடம் எங்கே இருந்தது?

குளத்துப் படியில் வக்கீலும் வாத்தியாரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

"என்ன ஓய், நீருமா?"

"கூடம் பூரா பொம்மனாட்டிகள்" என்றேன், சலிப்போடு.

வண்டி வேண்டாம் என்று திருவல்லிக்கேணிக்கு ஒரு கார்டு போட வேண்டும். இரண்டு வருஷமாக நான் எந்நேரத்துக்கு வீடு திரும்பினாலும் கேட்பாரில்லை. அன்று, கூப்பிட்டு அனுப்பும் வரை வரக் கூடாது என்று உத்தரவு.

வெகுநேரமாகியும் அந்தப் பெண் வரவில்லை. வாத்தியார் கொட்டாவி விட்டார். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.