பஞ்சடிக்கும் வில்லின் நரம்பு

நான் அனுப்ப வேண்டியிருந்த செய்தி மிகச் சிறியது. சனிக்கிழமை மாத்தளைத் துரைமார் கிளப்பிலும், அடுத்த புதன்கிழமை கண்டியிலும் பழைய ஐரோப்பிய இசைக் கச்சேரிகள் நடக்கும். வயோலா ட காம்பா என்ற வாத்தியத்தை மாத்தளை மிஷன் பெண்கள் பாடசாலை ஆசிரியை ஒருவர் வாசிப்பார். கொழும்பில் அச்சாகும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு நான் மாத்தளை நிருபராக இருந்த காலம் அது. மண்சரிவும் தேயிலை விலையும் எழுதிப் பழகிய எனக்கு அந்த வாத்தியம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. பார்க்காமல் எழுத மனமில்லாமல், வியாழக்கிழமை பின்னேரம் மழையோடு பாடசாலைக்குப் போனேன்.

டீச்சர் பலாபத்வலப் பக்கத்துத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளையுடைய மகள். முன்பு தலைமையாசிரியையாக இருந்த ஆங்கிலேயப் பெண்மணி பல வருடங்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, சீமைக்குத் திரும்பும்போது வாத்தியத்தையும் அவரிடமே விட்டுப் போயிருந்தார். உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சுவரை வரும் மரப்பெட்டி. ஆறு நரம்புகள், எல்லாம் ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்தவை. கழுத்தின் உச்சியில் ஒரு பெண்ணின் தலை செதுக்கப்பட்டிருந்தது. டீச்சர் பெட்டியைத் தரையில் ஊன்றாமல் இரண்டு கெண்டைக்கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கை மேலே பார்க்க வில்லைப் பிடித்தார்.

கையில் தட்டு ஏந்தாமல் ஒரு தமிழர் அந்தக் கிளப்புக்குள் போவது அதுவரை நடந்ததில்லை. பழைய தலைமையாசிரியை எழுதிக் கேட்டதற்காக அரைமனதாகச் சம்மதித்திருந்தார்கள். செயலாளராக இருந்த துரை ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார். சனிக்கிழமை குறையில்லாமல் முடிந்தால்தான் டீச்சருக்குக் கண்டி. ஏதாவது தவறினால் அங்கே ஒரு துரைசாணி பியானோ வாசிப்பார்.

இதைச் சொல்லிக்கொண்டே டீச்சர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது நரம்பு, எல்லாவற்றிலும் தடித்தது, அறுந்தது. யாரோ கதவை அறைந்து சாத்தியது போல் இருந்தது. அவர் அசையவில்லை. மணிக்கட்டில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்தது.

"மாத்து நரம்பு இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"மெல்லிசு ரெண்டு இருக்கு. தடிப்பு இல்ல. சீமையிலருந்து கப்பல்ல வரணும்."

கொழும்புக் கடைகளில் வயலின் நரம்புதான் கிடைக்கும். நீளமும் போதாது, தடிப்பும் போதாது. அடி நரம்பு இல்லாவிட்டால் அவர் வாசிக்கவிருந்தவற்றில் பாதியை வாசிக்க முடியாது.

மழை கொஞ்சம் ஓய்ந்தது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் மெத்தைக் கடையில் பஞ்சடிக்கும் வில் அதிர ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் டீச்சர் தினமும் எழுந்து ஜன்னலைச் சாத்துவார் என்பது தெருவுக்கே தெரியும். அன்றும் எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஆனால் சாத்தவில்லை.

"அது என்ன நரம்பு?" என்றார்.

இருவரும் தெருவைக் கடந்து கடைக்குப் போனோம். கடைக்காரர் உள்ளூர் முஸ்லிம். அண்ணன் என்ற முறையில் தெருவில் எல்லோருக்கும் நானா. ஆள் உயரத்தை மிஞ்சிய வில் கூரையிலிருந்து தொங்கியது. அவருடைய தாடியெல்லாம் பஞ்சு.

"வாங்க டீச்சர், வாங்க. சத்தத்துக்கு ஏச வந்தீங்களா? சாத்திச் சாத்தி ஜன்னல் ஒடஞ்சு போச்சா?"

"இல்ல நானா. உங்க வில்லு நரம்பு எனக்கு வேணும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பேப்பர்காரத் தம்பி, டீச்சருக்குக் காய்ச்சலா?"

டீச்சர் அறுந்த நரம்பைக் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். நானா அதை நகத்தால் நெருடினார்.

"ஆட்டுக்குடல்தான். ஆனா எனக்கு ஈக்கிறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு வில்லுல. மத்தது காயப் போட்டது, இந்த மழையில எங்க காய? ஞாயித்துக்கிழமை ராவைக்குக் கலியாண வீட்டுக்கு மெத்தை குடுக்கணும். மாப்பிள்ளையத் தரையிலயா போடுற?"

"ஞாயித்துக்கிழமை காலையில திருப்பித் தந்துர்றேன்."

"நான் அடிச்சா நீங்க ஜன்னலச் சாத்துறீங்க. நீங்க அடிச்சா துரைமாரு கதிரை போட்டு ஒக்காருறாங்க!"

நானா சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. டீச்சரின் மணிக்கட்டில் அந்தச் சிவப்புக் கோட்டைக் கண்டதும் நானாவும் நிறுத்திக்கொண்டார். நரம்பில் அடிக்கும் மரக்குண்டைக் கீழே வைத்துவிட்டு வில்லின் முடிச்சை அவிழ்த்தார்.

"ஒரு பேச்சு. வெட்டப்படாது. என் வில்லு ஒங்க பொட்டிய விட நீளம். ஒரு சாண் கொறஞ்சாலும் எனக்கு இது துணி காயப்போடக் கொடி கட்டத்தான் ஆகும்."

"வெட்ட மாட்டேன்."

பழுக்கக் காய்ச்சிய கம்பியால் முறுக்காணியின் துளையை அகலமாக்கி, டீச்சர் அந்த நரம்பைப் பூட்டினார். பெட்டிக்குத் தேவையானது போக ஒரு கை நீளம் மிஞ்சி, செதுக்கிய தலைக்குப் பின்னால் தொங்கியது. சாம்பல் நிறம், அங்கங்கே பஞ்சு ஒட்டியிருந்தது.

சனிக்கிழமை மாலை கிளப்பில் செயலாளர் துரையின் கண்ணில் முதலில் பட்டது அந்த வால்தான். பேனாக்கத்தியை எடுத்து விரித்து நீட்டினார். இதோடு மேடைக்குப் போக முடியாது, வெட்டிவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். இது என்னுடையதல்ல, வெட்ட முடியாது என்றார் டீச்சர். அப்படியானால் பியானோ முதலில் வரட்டுமே என்றார் துரை, கத்தியை மடக்காமலே. ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். கண்டிக்குக் காத்திருந்த அந்தத் துரைசாணி பியானோவுக்கு முன்னால் புத்தகத்தை ஏற்கெனவே விரித்து வைத்திருந்தார்.

டீச்சர் தன் கொண்டையிலிருந்து இரண்டு ஊசிகளையும் கறுப்பு நாடாவையும் உருவினார். மிஞ்சிய நரம்பைச் சுருட்டிச் சுருட்டி, அந்த மரப்பெண்ணின் தலைக்குப் பின்னால் கொண்டையாக வைத்துக் கட்டினார். துரை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். கத்தி மடங்கியது.

பில்லியர்ட் அறைக் கதவோரத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கிருந்து டீச்சரின் இடது கை தெரிந்தது. புதிதாக ஏற்றிய குடல் நரம்பு நிற்காது. பெட்ரோமாக்ஸ் சூட்டில் இளகிக்கொண்டே போகும். ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் அவர் முறுக்காணியை இறுக்கினார். ஒவ்வொரு முறையும் அது கிறீச்சிட்டது. ஒவ்வொரு முறையும் துரைசாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். இசையைப் பற்றி என்னால் அதிகம் எழுத முடியவில்லை. அடி நரம்பில் வில் இறங்கும்போதெல்லாம் நான் செயலாளர் துரையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி உருப்படி அந்த நரம்பிலேயே தொடங்கி அதிலேயே முடிந்தது. முடிவில் ஒரு நீண்ட சுரம். கொஞ்சம் கரகரத்தது; ஆனால் இறங்கவில்லை. கை தட்டினார்கள், அளவாக. துரை டீச்சரிடம் வந்து "கண்டி, புதன்கிழமை" என்று மட்டும் சொன்னார்.

படியில் டீச்சர் என்னை நிறுத்தினார். "கண்டிச் செய்திய இன்னும் அனுப்பாதீங்க. நாளைக்கு மெத்தை இருக்கு. அதுக்கப்புறமும் நரம்பு நின்னாத்தான் கண்டி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானா நரம்பை வாங்கி, விரல்களுக்கு நடுவில் முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இங்க ஒரு இழை விட்டிருக்கு."

காயப் போட்டிருந்த மற்றதைத் தொட்டுப் பார்த்தேன். மழைக்கால அட்டை போல வழுவழுத்தது.

"தாங்குமா நானா? புதன்கிழமை கண்டிக்கும் இதுதான் வேணும்," என்றார் டீச்சர்.

"அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பஞ்சு அம்புட்டும் கெடக்கு."

நானா வில்லில் பூட்டி அடிக்க ஆரம்பித்தார். ஒரு அடி விழும், நரம்பு அதிரும், பஞ்சு எழும்பும். டீச்சர் வாசலில் நின்றார். அடுத்த அடி விழும்வரை மூச்சு விடவில்லை என்பது தோளில் தெரிந்தது. மெத்தைக்குக் காத்திருந்த கலியாண வீட்டு மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"என்ன நானா, தாலாட்டுறீங்களா? பஞ்சுக்கு நோவுமா? ஓங்கி அடிங்க! மாப்பிள்ளை ராவைக்கு வாராரு, அடுத்த நோம்புக்கில்ல."

"எனக்கு அவசரமில்ல," என்றார் நானா. மரக்குண்டு அதே மெதுவோடு விழுந்தது.

காலையில் முடிய வேண்டிய வேலை பகல் தொழுகை தாண்டியும் நடந்தது. மாமா இரண்டு முறை வீட்டுக்குப் போய் வந்து, இரண்டு முறையும் ஏசினார். பின்னேர ரயிலுக்குக் கொடுக்க வேண்டிய உறையை நான் ஒட்டாமல் பையில் வைத்திருந்தேன். உள்ளே இரண்டு தாள்கள்: ஒன்றில் டீச்சர் வாசிப்பார் என்றிருந்தது, மற்றதில் பியானோ.

கடைசிப் பிடி பஞ்சு எழும்பியது. நானா முடிச்சை அவிழ்த்து, நரம்பைச் சுருட்டி டீச்சரிடம் நீட்டினார். "வியாழக்கிழமை எனக்கு வேணும். அப்பயும் வெட்டாம."

டீச்சர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். நான் பியானோத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, உறையை நாக்கால் ஒட்டிக்கொண்டே ஸ்டேஷனுக்கு ஓடினேன்.