பேக்கிங்குக்குக் காவல்

அமிர்தியிலிருந்து மலையேறி வரும்போது, மழைக்கு உருண்டு கிடந்த கல்லை நான் பார்க்கவில்லை. காருக்கு அடியில் சத்தம் கேட்ட பிறகுதான் பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில் ஆயிலைத் தாங்கும் தகரத் தொட்டி உண்டு, ஆயில் சேம்பர் என்பார்கள். அது கிழிந்து ஆயில் ஒழுகியது. நல்லவேளை, ஊர் பக்கத்தில் வந்துவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டு வீடு வரைக்கும் தள்ளினோம். கல்லைத் திட்ட முடியாதே என்று வழியெல்லாம் வீட்டுக்காரரைத் திட்டினேன். பக்கத்து சீட்டில் அவர் தூங்கிக்கொண்டு வந்தார், எனக்கு அந்தக் காரணம் போதும்.

காரைப் பற்றிக்கூட எனக்குக் கவலையில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் என் மாமியார் வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கண்புரை ஆபரேஷன். ஏற்கனவே சர்க்கரை ஏறி ஒரு முறை, இருமல் வந்து ஒரு முறை என்று தள்ளிப்போனது. இந்த முறையும் தப்பினால், "பழகிப்போச்சு, வுடு" என்று சொல்லி அடியோடு விட்டுவிடுவார். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஊரில் இருந்த இன்னொரு வண்டி புளி ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

என் அப்பா கண்ணமங்கலத்தில் லாரி பட்டறை வைத்திருந்தார், அதனால் எனக்கு ஸ்பேனர் பிடிக்க வரும். சனிக்கிழமை வீட்டுக்காரர் வேலூர் போய் புது சேம்பரும் பேக்கிங்கும் வாங்கி வந்தார். பேக்கிங் என்பது சேம்பருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் கார்க் பட்டை. ஆயில் கசியாமல் காப்பது அதுதான். ஒன்று போதாதா என்று முனகியவரை, இரண்டு இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

பழைய கார்க்கை பிளேடால் சுரண்டி, பெட்ரோலால் துடைத்து, மெல்லிசாக பேஸ்ட் தடவி, புதுப் பட்டையை வைத்தேன். போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகினேன். பேஸ்ட் கொஞ்சம் இறுகிய பிறகு ஸ்பேனரால் லேசாக இறுக்க வேண்டும், அவ்வளவுதான். பலமாக இறுக்கினால் கார்க் நசுங்கிவிடும். அதற்குள் டீ குடிக்க உள்ளே போனேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் மலையில் ஒரு வீட்டில் வேலை நடந்தால், வழியில் போகிறவர் ஒரு கை போடாமல் போக மாட்டார். சாமை அடித்தாலும் கூரை மாற்றினாலும் அப்படித்தான். வேடிக்கை பார்த்துவிட்டுப் போவது மரியாதை இல்லை. நான் திரும்பி வரும்போது ஒருவர் காருக்கு அடியிலிருந்து முதுகைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நல்லா இறுக்கிட்டேன்மா, இனி அசையாது" என்றார். அவருக்கு முன்னால் எத்தனை பேர் இறுக்கினார்களோ தெரியவில்லை.

ஞாயிறு காலை ஆயில் ஊற்றினேன். கார்க் நசுங்கி நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் சொட்டுச் சொட்டாக ஆயில் இறங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"ஆசயா கை போட வந்தாங்க. வேணாம்னு எப்டி சொல்றது?"

மாமியார் உள்ளிருந்தே கூப்பிட்டார். "கட்டில வண்டியாண்ட போடு. நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியலையே அத்த."

"காது கேக்குதில்ல?"

மிச்சமிருந்தது ஒரே பட்டை. மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றி, சுரண்டி, துடைத்து, அதை வைத்தேன். மாமியார் கட்டிலில் உட்கார்ந்து, செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தார். வந்தவரை விரட்டவில்லை. "வாப்பா, அந்த வெறக கொஞ்சம் பொளந்து போடு" என்றார் ஒருவரிடம். இன்னொருவருக்குக் கோழிக்கூண்டின் கதவு. ஒரு அம்மாவுக்குப் புளி கொட்டை எடுக்கிற வேலை. எல்லோரும் கை போட்ட திருப்தியோடு போனார்கள். எங்கள் வீட்டில் மாதக்கணக்காகக் கிடந்த வேலையெல்லாம் அன்றைக்கு முடிந்தது. கடைசியில் நானே போய், எதிரெதிர் போல்ட்டாகப் பார்த்துப் பதமாக இறுக்கினேன்.

சாயங்காலம் ஆயில் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, அடியில் பேப்பர் விரித்தோம். ஒரு சொட்டுகூட விழவில்லை. வீட்டுக்காரர் அந்தப் பேப்பரைத் தெருவில் போன எல்லோருக்கும் காட்டினார்.

திங்கள் இருட்டோடு கிளம்பி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். கறுப்புக் கண்ணாடியோடு காரருகே வந்த மாமியார், முதலில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கப் போனார். குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தி நிறுத்தினேன். நிமிர்ந்தவர் கண்ணாடியைக் கொஞ்சம் உயர்த்தி என் முகத்தையே பார்த்தார்.

"இன்னாடி இது, காதோரம் கரி?"

தொட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆயில் பிசுக்கு. அதோடுதான் ஆஸ்பத்திரி முழுக்கச் சுற்றியிருக்கிறேன்.

"ரெண்டு கண்ணும் நல்லாருக்கற ஒருத்தன் பக்கத்துலயே ஒக்காந்து வந்தானே, சொல்லலயா அவன்?" என்று மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானையால் என் காதோரத்தைத் துடைத்துவிட்டார்.