சகலைக்கு ஊர் காட்டியது

என் சகலை பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். பிறந்தது ராசிபுரம்தான். ஆனால் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதால், மெட்ராஸைத் தானே நின்று கட்டியதுபோலப் பேசுவார். கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் மூன்று நாள் அங்கே போயிருந்தோம். "மெட்ராஸைப் பார்க்க ஒரு வாரம் வேணும். மூணு நாள்னு வந்து நின்னா நான் என்ன பண்றது?" என்று வருத்தப்பட்டுவிட்டு, இந்த இடத்துக்கு இவ்வளவு நேரம் என்று பங்கு போட்டார். செத்த காலேஜுக்கு, அதாவது மியூசியத்துக்கு, ஒரு காலைப்பொழுது. உயிர்க் காலேஜில் மிருகங்கள் உயிரோடு இருந்ததால் அதற்கு ஒரு சாயங்காலம். கடலுக்கு ஒரு மணி நேரம். நாங்கள் மணலில் உட்கார்ந்திருந்தோம், அவர் பின்னால் கடிகாரத்தோடு நின்றிருந்தார். மணி ஆனதும், "போதும், எழுந்திருங்க" என்றார். எழுந்தோம். கடல் அப்படியேதான் இருந்தது.

ரயில் ஏற்றிவிட வந்தபோது, "சேலத்தைச் சுத்திப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் தம்பி? அரை நாள் ஆகுமா?" என்று கேட்டார். வண்டி கிளம்பிவிட்டது. நான் பதில் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் யுத்தம் தொடங்கி மூன்றாவது வருஷம் வந்தது. தானும் அக்காவும் சேலத்தைப் பார்க்க வருவதாகவும், எத்தனை நாள் லீவு போடலாம் என்றும் கேட்டு ஒரு கார்டு போட்டிருந்தார். என் மனைவியின் அக்காவை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு முழு நாள் வேண்டும், அதற்குக் குறைந்தால் வந்து பிரயோசனமில்லை என்று அன்றைக்கே எழுதிப் போட்டேன்.

"ரெண்டு நாளைக்கு என்னத்தைங்க காட்டுவீங்க?" என்றாள் மனைவி.

"ஊரு இல்லையா?"

"இருக்குது. நாந்தான் தெனமும் பாக்கறனே."

அப்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும் அஸ்தம்பட்டியில் குடியிருந்தோம். எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நூல் கடையில் குமாஸ்தா வேலை. கடை விடுமுறையன்று ஒத்திகை பார்ப்பதற்காகத் தனியாகக் கிளம்பினேன். கோட்டை மாரியம்மன் கோயில், பெருமாள் கோயில், சுகவனேஸ்வரர் கோயில், ஆற்றுப் பாலம், கடைவீதி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி இன்னும் சோறு வடிக்கவில்லை.

அதன் பிறகு திட்டத்தைக் கொஞ்சம் இழுத்துப் போட்டேன். ஒவ்வொரு கோயிலிலும் மூன்று சுற்று. சுற்றி முடித்ததும் உட்கார்ந்து எழுவது. பாலத்தின் மேல் நின்று திருமணிமுத்தாற்றைப் பார்க்க அரை மணி. ஆற்றில் தண்ணீர் இல்லாததால் அரை மணி சற்று அதிகம் என்று மனைவி அபிப்பிராயப்பட்டாள். மாம்பழம் வர இன்னும் நாள் இருந்தது. வந்திருந்தால் மண்டிக்கு மட்டுமே ஒரு காலைப்பொழுது கொடுத்திருப்பேன். மேட்டூர் அணையைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். "அது வேற ஊரு தம்பி" என்பார் சகலை. விட்டுவிட்டேன். ஏற்காடு ரோட்டில் ஒரு சினிமா ஸ்டுடியோ இருந்தது. அதைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். அப்படியும் முதல் நாள் சாயங்காலத்துக்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.

மீதியைக் குதிரை வண்டி பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். ஸ்டாண்டில் நின்ற வண்டிகளில் எது மெதுவாகப் போகும் என்று விசாரித்தேன். எல்லோரும் ஒரு கிழவரைக் காட்டினார்கள்.

"ஏனுங்க சாமி, வெரசாப் போவோணும்னு கேப்பாங்க. மெல்லப் போவோணும்னு யாரும் கேட்டதில்லீங்களே" என்றார் அவர்.

"குதிரை எப்படிப் போகும்?"

"அதுக்குச் சொல்லவே வேண்டாமுங்க."

இரண்டு நாளைக்கும் அவரையே பேசிக்கொண்டேன்.

காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். மனைவியும் நானும் ஜங்ஷனுக்குப் போயிருந்தோம். அக்கா படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கினாள். அக்காவும் தங்கையும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்ததால் நான் அதிகம் கவனிக்கவில்லை. சகலையின் பெட்டி இரண்டு நாள் பயணத்துக்கு மிகவும் கனமாக இருந்தது.

குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். சகலை கடிகாரத்தை எடுக்கவேயில்லை. வண்டி மெதுவாகப் போவதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி ஒரு பள்ளத்தில் சற்றுக் குலுங்கியபோது மட்டும், "மெல்லப் போப்பா" என்றார். வண்டிக்காரக் கிழவர் திரும்பி என்னைப் பார்த்தார். இதற்கு மேலும் மெல்லப் போக வழியில்லை என்று அவர் முகம் சொன்னது.

சுகவனேஸ்வரர் கோயிலில் தூண்களைக் காட்டி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததையும் சேர்த்துச் சொன்னேன். சகலை தலையாட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு எதிரே இருந்த வீடுகளைப் பார்த்தார்.

"இந்தப் பக்கமெல்லாம் தண்ணி எப்படித் தம்பி?"

எனக்குச் சுருக்கென்றது. சேலத்துத் தண்ணீர்க் கஷ்டம் ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். கடலைக் காட்டியவர், குழாயைப் பற்றிக் கேட்கிறார். "அதெல்லாம் ஒண்ணும் குறையில்லீங்க" என்றேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து, "ஏனுங்க இப்பிடிச் சொல்றீங்க? குடத்த வெச்சுட்டுக் காத்துக் கெடக்கறமே, அது கண்ணுக்குத் தெரீலீங்களா?" என்று கேட்டாள். சகலை அவளிடம் போய் வாடகை, பால், விறகு எல்லாம் என்ன விலை என்று வெகு நேரம் விசாரித்தார். சுற்றிப் பார்க்க வந்த மனிதர் விறகு விலையைக் கேட்பது என்னைச் சீண்டுவதற்கில்லாமல் வேறு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பாலத்துக்குப் போகும் வழியில் பெரிய ஆஸ்பத்திரி வந்தது. என் திட்டத்தில் அது கிடையாது. "வண்டியை நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் அக்கா. இரண்டு பேரும் இறங்கி வாசலில் நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மெட்ராஸில் நாங்கள் கடலைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்திருப்பார்கள்.

"லேடி டாக்டர் இருக்காங்களா தம்பி?" என்று கேட்டார் சகலை.

"இருக்காங்க" என்றேன். ஊரில் உள்ள எதையாவது அவர் மதித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால், "நல்ல டாக்டருங்க. ராசிபுரம், ஓமலூர்ல இருந்தெல்லாம் வண்டி கட்டிட்டு வாராங்க" என்று சேர்த்துக்கொண்டேன். அக்கா என் மனைவியைப் பார்த்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியையும் முன்பே திட்டத்தில் சேர்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பாலத்தில் அரை மணி நிற்க முடியவில்லை. அக்காவுக்குக் கால் வலிக்கிறது என்று மனைவி சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்து எழுந்து, வெயில் தாழ்ந்ததும் ஸ்டுடியோவுக்குப் போனோம். காவலாள் உள்ளே விடவில்லை. எனவே மதில் சுவரைப் பார்த்தோம். சுவர் நீளமாக இருந்தது. உள்ளே யாரோ கத்தியது கேட்டது. அது வசனமா சண்டையா என்று தெரியவில்லை.

திரும்பி வருகையில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் ஒரு வீட்டில் வாடகைக்கு என்று பலகை தொங்கியது. சகலை வண்டியை நிறுத்தி இறங்கிக் கதவைத் தட்டினார். வீட்டுக்கார அம்மாள் சாவியோடு வந்தாள். கிணற்றில் வாளியை விட்டு இழுத்துப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். புகைபோக்கிக்கு அடியில் நின்று மேலே பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்கண்ணா, பார்க்க வேற எடமில்லைன்னு காலி ஊட்டப் பார்க்கறீங்களா? நாளைக்கு இன்னும் நெறைய இருக்குதுங்க" என்றேன். நாளைக்கு ஒன்றுமே இல்லை.

அக்கா காலியான சமையலறையில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது போதுங்க. இதையே பேசி முடிச்சிருங்க. இனி என்னால அலைய முடியாது" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். மனைவி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சகலை என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார்.

"அவ முழுகாம இருக்கா தம்பி. இத்தனை வருஷம் கழிச்சு" என்றார். பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்தார். "ரங்கூன்ல குண்டு போட்டுட்டான். அங்கேருந்து தப்பி வந்த ஒருத்தர் எங்க தெருவுல இருக்கார். அவர் சொன்னதைக் கேட்டதுலேர்ந்து தூக்கமில்லை. மெட்ராஸுக்கும் வருவான்ங்கறாங்க. ஆனா எங்க ஆபீஸ்ல இன்னும் ஒருத்தரும் கிளம்பலை. நான் முதல் ஆளா ஓடினா சிரிப்பாங்க."

ரங்கூன் செய்தி எனக்கும் தெரியும். எங்கள் கடையில் அதைப் பற்றி நூல் விலை சம்பந்தமாகத்தான் பேசினோம்.

"நேரா நம்ம ஊட்டுக்கு வாரேன்னு எழுதியிருக்கலாமுங்களே?"

"எப்படித் தம்பி எழுதறது? தாய் வீடுன்னு ஒண்ணு இருந்தா அங்கே விட்டிருப்பேன். மாமனாரும் போயாச்சு, மாமியாரும் போயாச்சு. ராசிபுரத்துலயும் எங்களுக்குன்னு இப்ப யாருமில்லை. உங்ககிட்டே வந்து எப்படிக் கேக்கறது?" அவர் குரல் இறங்கிவிட்டது. அந்த மனிதரை அப்படி நான் பார்த்ததேயில்லை. கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருக்கும் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார்.

உள்ளே போய் மனைவியிடம் தனியாக விஷயத்தைச் சொன்னேன்.

"இப்பத்தான் தெரியுதுங்களா உங்களுக்கு? ரயில்ல இருந்து எறங்கறப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றாள்.

"சொல்லியிருக்கலாமல்ல?"

"நீங்க தூணப் பத்திச் சொல்லிட்டு இருந்தீங்க."

வீட்டுக்கார அம்மாள் முன்பணம் எவ்வளவு என்று ஆரம்பித்தபோது மனைவி குறுக்கே வந்தாள். "அக்கா எங்கூட்டுல இருக்கட்டும். மாமாவுக்கு இந்த ஊடு புடிச்சிருந்தா அவரு மட்டும் தனியா இருந்துக்கட்டும்" என்றாள். சகலை ஜன்னலை ஒருதரம் மூடிவிட்டு வந்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் இரவே அவர் மட்டும் பட்டணம் திரும்பினார். ஆபீசில் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தாராம். ஒரு மாதமோ என்னவோ போயிருக்கும். பட்டணத்துக்காரர்கள் ரயில் ரயிலாகச் சேலத்துக்கு வந்து இறங்கினார்கள். கிணறு இல்லாத வீடுகளுக்குக்கூட ஆள் போட்டி போட்டது. அவரைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டிய ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர், சேலத்தில் வீடு கிடைக்குமா என்று அவரிடமே கேட்டார்களாம். அவர் என்னிடம் கேட்டு எழுதினார். நான் விசாரித்தேன். கிடைக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. சகலை லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து, குழந்தை தூங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அக்காவும் தங்கையும் உப்புப் புளி விஷயத்தில் இரண்டு முறை பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு முறையும் குழந்தை அழுததால் பேச வேண்டியதாயிற்று.

பயம் தணிந்து அவர்கள் பட்டணம் திரும்பியபோது குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தோம். கூடத்து உத்தரத்தில் தொட்டில் கட்டிய கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. நான் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன்.

"அது இருக்கட்டும்ங்க" என்றாள் மனைவி.

"ஒட்டடை புடிக்கும்."

"புடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் இறங்கி முக்காலியைப் பழைய இடத்தில் வைத்தேன்.