வழுக்கி விழுந்ததாகச் சொன்ன கைதி

மயிலாப்பூரில் நான் குமாஸ்தாவாக இருந்த வக்கீல் பங்களாவின் காவல்காரர், முன்பு சிறையில் வார்டராக இருந்தவர். நெடிய உருவம், நரைத்த மீசை. கேட்டைப் பூட்டினால், பூட்டை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார்.

சிறை வேலையை ஏன் விட்டார் என்று ஒரு நாள் கேட்டேன்.

"நானா வுடல சாமி, தள்ளிட்டாங்க. ஜெயிலரு ஒரு கைதிய லத்தியால அடிச்சிக் கைய ஒடச்சிட்டாரு. விசாரணைல நான் கண்டதச் சொன்னேன். அந்தக் கைதியே, வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லிட்டான். நான் பொய் சொன்னதா ஆயிப்போச்சி."

"உமக்கு அவன்மேலே கோபம் வரலையா?"

"அவன் இன்னா பண்ணுவான் சாமி? நான் வேலை முடிஞ்சா வூட்டுக்குப் பூடுவேன். அவன் அந்த ஜெயிலரு கைலதான கீறான்?"

மனம் கேளாமல் எங்கள் வக்கீலிடம் சொன்னேன். அடிபட்டவனே மறுத்த பிறகு வழக்கு நிற்காது என்று அவர் சொல்லிவிட்டார். அதைக் காவல்காரரிடம் சொன்னேன்.

"என் வேலை போனாப் போவட்டும் சாமி. கூட நின்ன வார்டருங்க அல்லாரும் எனக்கு ஆனதப் பாத்துக்கினு இருந்தாங்க. இனிமே எவன் வாயத் தொறப்பான்?"

ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். எதைச் சொன்னாலும் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.