பாப்பா எப்படி இருக்கு? – எல்லோருக்கும் அனுப்பு

போன திங்கட்கிழமை காலை, வழக்கம்போல என் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் ஒரே நொடியில் நலம் விசாரித்தேன்.

எப்படி என்கிறீர்களா? வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு தடவை டைப் செய்தால் போதும். தனித்தனியாக அனுப்பியதுபோல எல்லோருக்கும் போய்ச் சேரும்.

திண்டிவனத்தில் வீட்டிலிருந்தபடியே குழந்தைகளுக்கான கேப்பை மாவு விற்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். 'என்னென்ன ஆப் வெச்சிருக்கீங்க?' என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கணக்குக்கு எக்செல் ஷீட், பாக்கெட் படத்தைப் பளிச்சென்று காட்ட ஒரு போட்டோ ஆப், பார்சல் எங்கே நிற்கிறது என்று பார்க்க கூரியர் டிராக்கிங்... எல்லாமே பிடிக்கும். ஆனால் என் செல்லம் இந்த பிராட்காஸ்ட்தான். கூடவே ஆட்டோ ரிப்ளை — மகனைக் குளிப்பாட்டும் நேரத்தில் எனக்குப் பதிலாக அது பேசும்.

'வணக்கம்மா, பாப்பா எப்படி இருக்கு? இந்த வாரம் புது மாவு ரெடி!' — இதுதான் மெசேஜ். முதல் வரி சும்மா. எடுத்த எடுப்பில் மாவு ரெடி என்றால் நன்றாகவா இருக்கும்?

மகனைத் துவட்டிவிட்டு வந்து பார்த்தால், கோட்டக்குப்பத்திலிருந்து பர்வீனின் வாய்ஸ் மெசேஜ். இரண்டு முறை மாவு வாங்கியிருக்கிறாள். முகம்கூடத் தெரியாது.

"கேட்டதுக்கு தேங்க்ஸ்க்கா. பாப்பாவுக்கு நேத்துலேர்ந்து காய்ச்சல். பாலே குடிக்க மாட்டேங்குது. அழுதுக்கினே இருந்துச்சு... இப்ப அழவும் இல்ல, தூங்கிக்கினே இருக்கு. அவரு கல்ஃப்ல இருக்காரு, சொன்னா பயந்துக்குவாரு. தூங்கட்டுமாக்கா, எழுப்பட்டுமா?"

அதற்குக் கீழே என் பதில் போயிருந்தது. நான் அனுப்பாத பதில்.

'மிக்க மகிழ்ச்சி! எத்தனை பாக்கெட் வேண்டும்?'



போன் செய்யலாமா? செய்து என்ன சொல்வது? தப்பாக எதையாவது சொல்லிவிட்டால்...? கணவரிடம் ஓடினேன்.

"மாவு விக்கிறவ வைத்தியம் சொல்லாத" என்றார். அடுத்த மூச்சிலேயே, "டாக்டர் கிட்ட போன்னு சொல்றது வைத்தியம் இல்ல. அத ஜல்தி சொல்லு" என்றார்.

கூப்பிட்டேன். "பர்வீன், பாப்பா யூரின் போச்சா?"

"காலைலேர்ந்து இல்லக்கா."

"அப்ப தூக்கும்மா. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. பக்கத்து வீட்ல யாரு இருக்காங்க?"

"அவங்க கூடப் பேச்சு வார்த்தை இல்லக்கா... தண்ணி மோட்டார் சண்டை."

"சண்டைய வந்து போட்டுக்கலாம். கதவத் தட்டு. நான் லைன்லயே இருக்கேன்."

தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெரியம்மாவின் குரல்: "அடிப்பாவி, இத்தினி நேரம் என்னாடி பண்ணிக்கினு இருந்த? குடு புள்ளைய!"

திட்டு வாங்கியவள் அவள். உயிர் வந்தது எனக்கு.

சாயங்காலம் பர்வீனே கூப்பிட்டாள். "காதுல சீழாம்க்கா. டிரிப்ஸ் ஏத்துனாங்க. இப்பதான் பால் குடிச்சா." பிறகு சொன்னாள்: "நீங்க ஒருத்தர்தான்க்கா, பாப்பா எப்படி இருக்குன்னு கேட்டீங்க."

அது எல்லோருக்கும் போன வரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

'நல்லா இருக்கீங்களா?' என்று தினமும் கேட்கிறோம். பதிலுக்காகவா கேட்கிறோம்? 'நல்லா இருக்கேன்' என்றால் அதோடு சரி. நல்லா இல்லை என்று சொல்ல ஒருத்தி காத்துக்கொண்டிருந்தால்...? கேள்வியை எந்த ஆப் வேண்டுமானாலும் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். காதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

ஆட்டோ ரிப்ளையை நிறுத்திவிட்டேன். இந்தத் திங்கட்கிழமை நான் பிராட்காஸ்ட் அனுப்புவதற்குள் பர்வீன் முந்திக்கொண்டாள். அன்றைக்குப் போனில் என் மகன் சிணுங்கியதைக் கேட்டிருக்கிறாள். 'உங்க பையன் எப்படி இருக்கான்க்கா?'

'நல்லா இருக்கான்' என்று டைப் செய்தேன். அழித்தேன். இரண்டு வயதாகிறது, இன்னும் 'அம்மா' என்றுகூடச் சொல்லவில்லை... யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்த பயம். மைக்கை அழுத்திப் பிடித்தேன். பேசினேன்... பேசிக்கொண்டே இருந்தேன்.

பாவம் பர்வீன், ஏன்தான் கேட்டோமோ என்று நினைத்திருப்பாள்!