காலையில் முதலில் திறக்கும் பக்கம்

2004ஆம் ஆண்டு வைகாசியிலிருந்து ஆவணி வரை ஒரே ஒரு கம்ப்யூட்டருக்காக நான் எம். புதுப்பட்டிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். எதையும் மாதத்தோடும் கிழமையோடும் நினைவில் வைத்துக்கொள்வது என் சுபாவம். மற்றவர்கள் வெயில் காலம், மழைக் காலம் என்று நினைவுகூர்வதை நான் எந்த அமாவாசைக்கு முந்தியது என்று சொல்லுவேன். அந்த நான்கு மாதத்தைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லா நாளும் ஒரே வெயில். விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு சாலையிலிருந்து கம்பெனி கேட் வரை நடை.

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பது அப்போது என் பிழைப்பு. விருதுநகரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை. பருப்பு மில், மிளகாய் வத்தல் மண்டி, அச்சகம், பட்டாசுக் கம்பெனி எல்லாம் என் வாடிக்கை. பெட்டியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை வைத்தே எந்த இடத்துப் பெட்டி என்று சொல்லிவிடலாம். மண்டிப் பெட்டிக்குத் தும்முவோம். பட்டாசு ஆபீஸ் பெட்டியில் மெல்லிய வெள்ளி நிறத்தில் படிந்திருக்கும்.

அந்தப் பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ், வெடிமருந்து அறைகளுக்கு வெகு தூரத்தில், கேட்டை ஒட்டி இருந்தது. இருந்தாலும் காவலாளி என் பையைக் குடைந்து பார்ப்பார். செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார். இரும்பு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆபீஸத் தாண்டி ஒரு அடி வைக்கப்படாது, பாத்துக்கோங்க" என்பார். போகும்போதெல்லாம் அதே வாக்கியம்.

ஆபீஸில் இரண்டு பேர். ஒருவர் கணக்கப்பிள்ளை, அறுபதை ஒட்டிய வயது, வாயில் எப்போதும் ஒரு குத்தல். இன்னொருவர் கம்ப்யூட்டரில் உட்காரும் பெண். பி.காம். முடித்துவிட்டு அந்தச் சித்திரையில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் அம்மா அதே கம்பெனியில் திரி வெட்டும் அறையில் வேலை பார்த்தார். மகளாவது மருந்து படாத நாற்காலியில் உட்காரட்டும் என்று அந்த அம்மா கணக்கப்பிள்ளையிடம் நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்த வேலை அது.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அவர் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. சித்திரை முதல் நாள் புதுக்கணக்கு. நோட்டுகளின் மூலையில் மஞ்சள் தடவி, கோயிலில் அம்மன் காலடியில் வைத்து எடுத்து வருவார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு நோட்டோடு ஒரு ஃப்ளாப்பியும் போனது. அதில் ஒரே ஒரு எக்செல் கோப்பு. நடுவில் பெரிதாகப் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'லாபம்' என்று ஒரு சொல். தினமும் காலையில் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் அந்த ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் ஆர்டர், லோடு எதுவும் திறக்க வேண்டும். பிறகு ஃப்ளாப்பி மறுபடி சாமி படத்துக்குப் போய்விடும்.

வைகாசியில் ஒரு நாள் காலை அண்ணாச்சி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். எக்செல் திறக்கும்போது பிள்ளையார் சுழிக்குப் பதிலாக ஒரு எச்சரிக்கைக் கட்டம் வந்திருக்கிறது. அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். 'முடியவில்லை' என்ற சொல் மட்டும் புரிந்தது.

"காலங்காத்தால மொத வார்த்தையே முடியாதுங்குது. மருந்து வேல நடக்குற எடம் இது" என்று என்னிடம் போனில் சொன்னார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம்.

நான் போனது அதற்கு நான்கைந்து நாள் கழித்து. அந்தப் பெண் ஃப்ளாப்பியைப் போட்டாள், எக்செல்லைத் திறந்தாள், பிள்ளையார் சுழி அழகாக வந்தது. எந்தச் செய்தியும் இல்லை. என்ன வந்தது என்று கேட்டால், "ஏதோ சர்வர் பதில் சொல்லலன்னு வந்துச்சுண்ணே" என்றாள். அந்த ஆபீஸில் சர்வரே கிடையாது. மஞ்சள் தூள் ஃப்ளாப்பி டிரைவுக்குள் போயிருக்கும் என்று துடைத்துவிட்டு வந்தேன்.

ஆனியிலும் வந்தது. அப்போதும் நான் போவதற்குள் மறைந்துவிட்டது. வைரஸ் என்று சந்தேகப்பட்டு முழுவதும் சோதித்தேன். எக்செல்லையே நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினேன். மத்தியானம் முழுக்க ஒரு நீலக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணக்கப்பிள்ளை வெற்றிலையை மென்றபடி, "நீங்க வந்தா பெட்டி நல்ல புள்ளையா இருக்கு. பேசாம இங்கனயே குடியிருந்துருங்க" என்றார்.

பழுதுபார்க்கிறவனுக்கு இதைவிடச் சலிப்பானது எதுவும் இல்லை. உடைந்தது உடைந்தே இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். இது மாதத்தில் சில நாள் மட்டும் வந்து, நான் பஸ் ஏறுவதற்குள் போய்விடுகிறது.

ஆடியில் செய்தி வரவில்லை. அந்த மாதம் அவள் மூன்று நாள் லீவு போட்டிருந்தாள் என்பது எனக்கு ஆவணியில்தான் தெரிந்தது. ஒரு காலையில் கணக்கப்பிள்ளை போன் செய்தார். பின்னால் அண்ணாச்சியின் சத்தம் கேட்டது.

"இன்னைக்கும் வந்துருச்சு. உடனே வாங்க. பாப்பா போன மாசம் மாதிரியே மூணு நாளு லீவு கேட்டுச்சு, சீசன் நேரத்துல குடுக்க மாட்டேன்னுட்டாரு. இப்பம் இந்தப் புள்ள ராசிதான் சரியில்லைங்காரு. இன்னைக்குச் சரியாகலன்னா நாளையிலருந்து பேக்கிங்குக்குப் போகட்டும், வேற ஆளு பாப்போம்னு சொல்லிட்டாரு. அவுக அம்மா இங்கன வாசல்ல நின்னு அழுதுட்டுப் போகுது."

கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்குத்தான் பஸ்கள் காத்திருக்க வைக்காமல் அடுத்தடுத்துக் கிடைத்தன.

அந்தப் பெண் நாற்காலியில் இல்லை. ஆபீஸின் இன்னொரு கோடியில், சாமி படத்துக்கு நேரே வராமல், சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். நான் எக்செல்லைச் சொடுக்கினேன். முதல் முறையாக அந்தச் செய்தியை என் கண்ணால் பார்த்தேன். அணுக முடியவில்லை, படிக்க மட்டும் உரிய இடமாக இருக்கலாம், சர்வர் பதில் சொல்லாமல் இருக்கலாம். இத்தனைக்கும் மேலே, முதல் வரியில், யாரும் எனக்குச் சொல்லாத ஒரே ஒரு எழுத்து. ஏ. ஃப்ளாப்பி டிரைவின் பெயர்.

ஆப்ஷன்ஸைத் திறந்து பார்த்தேன். 'தொடங்கும்போது இந்த இடத்தில் உள்ள எல்லாக் கோப்புகளையும் திற' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் காலியாக இருக்கும். இங்கே அதில் ஏ டிரைவ் எழுதியிருந்தது. முன்பு இருந்த ஆபரேட்டர் திருப்பூருக்கு வேலைக்குப் போவதற்கு முன், சாமி பக்கம் தானாகத் திறக்க வேண்டும் என்று செய்து வைத்த ஏற்பாடு. எக்செல்லை நீக்கி மறுபடி ஏற்றினாலும் அந்த அமைப்பு மட்டும் அழியாமல் இருந்துவிட்டது. ஃப்ளாப்பி உள்ளே இருந்தால் பிள்ளையார் சுழி. இல்லாவிட்டால் 'முடியவில்லை'.

"சாமி ஃப்ளாப்பி எங்க?" என்றேன்.

"அந்தா, படத்துக்கு முன்னால. பாப்பா, எடுத்துக் குடு" என்றார் கணக்கப்பிள்ளை.

அவள் நகரவில்லை. "நீங்களே எடுங்கய்யா."

"ஏன், நடந்தா காலு தேஞ்சிருமோ?"

அவள் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். கணக்கப்பிள்ளை இன்னொரு குத்தலுக்கு வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டார். அவருக்கு மூன்று பெண்கள். எழுந்து போய் அவரே ஃப்ளாப்பியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. மாதத்தில் சில நாள். ஆடி மாத லீவு. சுவரோரம் நிற்கிற பெண். அந்த நாட்களில் அவள் சாமி படத்தின் பக்கம் போவதில்லை, ஃப்ளாப்பியைத் தொடுவதில்லை. அவ்வளவுதான் பழுது.

ஃப்ளாப்பியைப் போட்டுத் திறந்தேன், பக்கம் வந்தது. எடுத்துவிட்டுத் திறந்தேன், செய்தி வந்தது. அவள் பார்க்கட்டும் என்று திரும்பத் திரும்பச் செய்தேன். மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"நீங்க தொட்டாலும் வருதே" என்றாள்.

"யார் தொட்டாலும் வரும்மா. அண்ணாச்சி தொட்டாலும் வரும்."

"நான் இந்த நாள்ல மெசினத் தொட்டதாலதான் இப்படிச் சொல்லுதுன்னு நெனச்சேண்ணே. அதான் லீவு போட்டேன்."

வைகாசியிலிருந்து இதை மனசில் வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வந்திருக்கிறாள்.

அண்ணாச்சி வந்தார். விவரம் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது, அதுதான் சிக்கல்.

"அப்பம் தெனமும் போட வேண்டியதுதான? சில நாளு ஏன் போடல?" என்று நேராக அவளைக் கேட்டார்.

அவள் கணக்கப்பிள்ளையைப் பார்த்தாள். அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்த எல்லாத் தொழில்நுட்பமும் எதற்கும் உதவாததாக இருந்தது.

"நாந்தான் அண்ணாச்சி" என்றார் கணக்கப்பிள்ளை. "வெளக்கேத்த எனக்கு நேரமாகிப் போற அன்னைக்கு, பூச முடியாம ஃப்ளாப்பிய எடுக்கப்படாதுன்னு சொல்லியிருந்தேன். அது அப்படியே வேலயப் பாத்திருக்கு."

"உமக்கு எதுக்குய்யா இந்த அதிகாரம்?"

"இனிமே இல்ல, அண்ணாச்சி."

அண்ணாச்சி அவரையும் சாமி படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் இடையில் புகுந்தேன். அந்தக் கோப்பைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே போட்டுவிட்டால் ஃப்ளாப்பியே வேண்டாம், தினமும் தானாகத் திறக்கும் என்றேன்.

"கோயிலுக்குப் போகாத பெட்டியிலருந்து எப்படிப்பா சாமி பக்கத்தத் தொறக்கது?"

"அப்ப பெட்டியக் கோயிலுக்குக் கொண்டு போயிருவோம்" என்றார் கணக்கப்பிள்ளை. கிண்டலாகத்தான் சொன்னார். அண்ணாச்சி அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

வயர்களைக் கழற்றினேன். சி.பி.யு.வை ஒரு வேட்டித் துண்டில் சுற்றி, வெடிப் பெட்டிகள் ஏற்றும் லோடு ஆட்டோவில் வைத்தார்கள். அது கோயிலுக்குப் போய் வரும்வரை மானிட்டருக்கு முன்னால் நானும் அவளும் சும்மா உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பசித்தது. அவள் தன் டப்பாவிலிருந்து புளிசோறு எடுத்து, "சாப்பிட்டீகளாண்ணே" என்று பாதியை மூடியில் வைத்துத் தள்ளினாள்.

பெட்டி நெற்றியில் மஞ்சளும் குங்குமமுமாகத் திரும்பி வந்தது. அதைக் கண்டதும் அவள் எழுந்து மறுபடி சுவரோரம் போய்விட்டாள். காற்றுப் போகும் துளைகளில் பட்ட மஞ்சளை மட்டும் யாரும் பார்க்காதபோது துடைத்தேன். கோப்பை ஒரு தனி ஃபோல்டரில் வைத்து, ஆப்ஷன்ஸில் அந்தக் கட்டத்தில் ஏ டிரைவுக்குப் பதிலாக அதன் இடத்தை எழுதிவிட்டு எழுந்தேன்.

"நீ ஒக்காரு" என்றார் அண்ணாச்சி அவளிடம்.

அவள் சுவரோரமாகச் சுற்றி வந்து உட்கார்ந்து சொடுக்கினாள். சுழி வந்தது. அதன் கீழே லாபம். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "ஆர்டரப் போடு. பீகார் லோடு நிக்கிது" என்று வெளியே போனார்.

கணக்கப்பிள்ளை போனை எடுத்து உள்ளே பேக்கிங்குக்குப் பேசினார். "நாளைக்கு ஒரு புள்ளய அனுப்புறதாச் சொன்னேன்லா? வராது. இங்கனயே வேல கெடக்கு." வைத்துவிட்டு அவளைப் பார்க்காமலே, "ஒங்க அம்மாட்டப் போய்ச் சொல்லிட்டு வா. காலையிலருந்து கண்ணீரும் திரியுமா வெட்டிட்டுக் கெடக்கும்" என்றார்.

அவள் எழுந்து, காவலாளி எனக்குச் சொன்ன எல்லையைத் தாண்டி, திரி வெட்டும் அறை இருந்த பக்கமாக நடந்தாள்.