இமெல்டா அக்காவின் மூச்சும் சீசரின் குரைப்பும்

அரிப்பு என்ற எங்கள் கடலோர ஊரில் இமெல்டா அக்காவின் வீடு எங்கள் ஒழுங்கையின் கடைசியில் இருக்கிறது. பின்னால் பற்றைக்காடு. மண்டபம் அகதி முகாமிலிருந்து அவர்கள் திரும்பி வந்த அடுத்த வருடம், உடம்பில் கிறீஸ் பூசிய ஆட்கள் இருட்டில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற கிறீஸ் பூதப் பயம் ஊரைப் பிடித்தது. கணவர் கொன்ஸ்ரன்ரைன் அண்ணை முல்லைத்தீவுப் பக்கம் மீன்பிடித் தொழிலுக்குப் போயிருந்த ஒரு மாலை, வேலியோரம் யாரோ நின்றார்கள். குரைத்துத் துரத்தியது சீசர், அவர்கள் வீட்டு ஆண் நாய். அன்றிலிருந்து சீசர் வாசலில் படுத்தால்தான் அக்கா கண்மூடுவார்.

சில வருடங்களில் அக்காவுக்கு மூச்சிழுப்பு தொடங்கியது. சீசர் மடியில் முகம் வைத்தால் கண் சிவக்கும், நெஞ்சு விசிலடிக்கும். ஒருநாள் உதடு நீலமாகி, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். நாயை வீட்டில் வைக்கவே கூடாது என்றார்கள். சீசர் தோட்டவெளி என்ற ஊரில் இருக்கும் அக்காவின் தம்பி வீட்டுக்குப் போனான். மூச்சு திரும்பியது, நித்திரை போய்விட்டது. கதவுக்குப் பின்னால் உரலை உருட்டி வைத்துவிட்டு அக்கா விழித்திருந்தார்.

கொழும்பில் ஒவ்வாமை டொக்டரிடம் போனபோது, சிங்களத்தைத் தமிழாக்க நானும் போனேன். நாயின் எந்தப் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று இரத்தத்தில் தனித்தனியாகப் பார்த்தார்கள். ஒன்றே ஒன்றுதான். ஆண் நாயின் புரோஸ்டேட் சுரப்பியில் உண்டாகி, சிறுநீரோடு வந்து மயிரில் ஒட்டும் புரதம். நலமடித்தால், அதாவது விதையை எடுத்தால், அது மெல்லக் குறையும் என்றார் டொக்டர். அதைத் தலைகுனிந்தபடி சொல்லி முடித்தேன்.

“ஐயோ பிள்ளை, நலமடிச்ச நாய் குரைக்காதெண்டு ஊரே சொல்லுது. குரைக்காத நாயை வச்சு நான் என்ன செய்யிறது?”

டொக்டர் கேட்டுச் சிரித்தார்.

“குரைக்கிறது தொண்டையாலயாம், அக்கா.”

“அவருக்கென்ன, கேற் இருக்கு, காவலுக்கு ஆள் இருக்கு. அவற்ற நாய்க்கு எடுத்ததோ எண்டு கேள் பாப்பம்.”

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

நித்திரையில்லாத இரவுகள் கடைசியில் அக்காவைச் சம்மதிக்க வைத்தன. மிருக வைத்தியர் விதையை எடுத்து, சில மாதங்கள் கழித்துத்தான் சீசர் திரும்பினான். வெளியில் வைத்து, கொஞ்ச நேரம் மட்டும், இழுப்புக்கு வாயில் அடிக்கும் பம்ப் கையிலிருக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அக்கா முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். பெருத்துப் போயிருந்த சீசர் மடியில் முகம் வைத்தான். அக்கா மூச்சை இழுத்து விட்டு, காதுகொடுத்தார். விசில் இல்லை. ஆனால் சீசரிடமும் சத்தமில்லை. வேலியில் காகம் கரைந்தும் அவன் அசையவில்லை.

“பாத்தியே, ஊமையாக்கிப் போட்டாங்கள்.”

அப்போது எருக்கலம்பிட்டியிலிருந்து துணி விற்க வரும் சரிபுதீன் நானா வேலிப் படலையைத் திறக்கக் கைவைத்தார். சீசர் பாய்ந்து குரைத்த குரைப்பில் ஒழுங்கையே அதிர்ந்தது.

“யா அல்லாஹ்! தங்கச்சி, நாயைப் பிடிங்கோ!”

அக்கா பிடிக்கவில்லை. பம்பை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு விம்மினார். விம்மலில் மூச்சு முட்டியதும் பயந்துபோய் என் கையைப் பற்றினார்.

“பிள்ளை, இது இழுப்போ?”

முதுகில் காதை வைத்துக் கேட்டேன்.

“இல்லை அக்கா. அழுகை.”